தோணிக்கார வகையறா வீட்டுப் பத்திரிகை

மரக்காணத்தில் பிளெக்ஸ் அடிக்கும் கடைப் பையன்கள் இன்னமும் எனக்குப் போன் செய்கிறார்கள். எழுத்துருவைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. அது அவர்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. “அண்ணே, பொண்ணோட அத்தை புருசன் பேரு தாய்மாமனுக்கு மேலயா, கீழயா?” என்று கேட்பார்கள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். நான் சொல்வேன். “தேங்ஸ்ணே” என்று வைத்துவிடுவார்கள். போன வாரம் ஒருவன் வேறு மாதிரி கேட்டான். “அண்ணே, ஒரு பார்ட்டி பேருக்குக் கீழ வகையறா பேரு போடச் சொல்றாரு. இந்த வகையறா பேரெல்லாம் எங்கேர்ந்துண்ணே வருது? யாரு வெக்கிறாங்க?” போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். “வாட்ஸப்லயாண்ணே?” என்றான். இவ்வளவு நீளம் வரும் என்று அப்போது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அச்சகத்து வேலையில் ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிந்தன. மறுநாள் போகவில்லை. அதுதான் என் பணி நிறைவு விழா. தொடக்கமும் அப்படித்தான். புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கக் கற்றேன். ஈயம், மை, கண்ணாடியில் பார்ப்பது போன்ற எழுத்துகள். பிறகு கணினி வந்தது, அதையும் கற்றேன். இவையெல்லாம் யாரும் கற்கக்கூடியவை. என் வேலைக்காலம் உண்மையில் மரக்காணத்தில், கனகவல்லி அம்மாளின் அச்சகத்தில்தான் தொடங்கியது.

கடைத்தெருவில் உப்பு லாரிகள் திரும்பும் முனையில் அந்தக் கட்டடம். லாரி போகும்போதெல்லாம் கதவிடுக்கு வழியே வெள்ளைத் தூள் உள்ளே வரும். கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவில் காகிதம். அந்த ஊர்க் காற்றில் காகிதத்துக்குத் தூக்கம் கிடையாது. காலையில் உப்பிக்கொள்ளும், உச்சி வெயிலில் சுருண்டுகொள்ளும். இரும்புக்கும் அதே கதிதான். இயந்திரத்தை மண்ணெண்ணெயால் துடைக்காமல் வீட்டுக்குப் போனால் மறுநாள் உருளைத் தண்டில் துரு பூத்திருக்கும், சித்திரை மாதத்துக் கொன்றை போல.

எங்களிடம் துடைக்கும் துணியில்கூட இரண்டு சாதி. ஒன்று சிவப்புக்கு, ஒன்று கறுப்புக்கு. கல்யாணம், காதுகுத்தல், மஞ்சள் நீராட்டு எல்லாம் சிவப்பில் ஓடும். கண்ணீர் அஞ்சலி கறுப்பில் ஓடும். கறுப்பு ஓடிய உருளையைக் கழுவி, வெறும் தாளைப் போட்டு ஓட்டி, அந்தத் தாள் வெள்ளையாகவே வெளியே வந்த பிறகுதான் மஞ்சள் தடவிய அட்டை உள்ளே போகும். “பத்திரிகையில ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தா அடுத்த புள்ளிய நம்ம மூஞ்சியில வெப்பாங்க” என்பார் கனகவல்லி அம்மாள்.

அவரை நான் ‘முதலாளியம்மா’ என்றுதான் கூப்பிட்டேன். அச்சகத்தைத் தொடங்கியவர் அவர் கணவர். கணவர் இருந்த காலத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். குரலை உயர்த்த மாட்டார். வருகிறவர்கள் “மேட்டர் எழுதியாந்துட்டோம்மா” என்று தாளை நீட்டினால் வாங்கிக்கொள்வார், படிக்காமலே ஓரமாக வைப்பார். பிறகு, அட்டை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை மேஜையில் சீட்டுக்கட்டுப் போலக் கொட்டுவார்.

“சொல்லுங்க. யாரு யாரு?”

ஒரு பெயருக்கு ஒரு துண்டு. எதன் மீதும் எழுத மாட்டார். நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். இடப்பக்கம் பங்காளிகள், வலப்பக்கம் மாமன் மச்சான்கள். பேச்சு போகப் போகத் துண்டுகள் நகரும், ஏறும், இறங்கும், சில சமயம் ஒன்று மேஜையை விட்டே போய்விடும். “இவரு உங்களுக்கு எந்த வழி?” என்று கேட்டால் பாதிப் பேர் “தூரத்துச் சொந்தங்க” என்பார்கள். “தூரம்னா எந்தத் திசையில?” என்று கேட்பார். சிரிப்பே இருக்காது. எழுதிக்கொண்டு வந்த வரிசையும் மேஜையில் முடிந்த வரிசையும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தாய்மாமன் ஒருவர், பத்திரிகையில் தன் பெயர் மூன்றாவதாக வந்ததற்காக, முகூர்த்தத்துக்கு வராமல் எங்கள் கடைவாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார். பட்டு வேட்டியோடு. முதலாளியம்மா அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். “வரிசை என்னுது இல்லீங்க, உங்க தங்கச்சி வெச்சது” என்றார். மனிதர் எழுந்து மண்டபத்துக்குச் சண்டை போடப் போனார். சண்டை போடப் போனவர் சீரையும் அங்கேயே செய்து முடித்தார் என்று கேள்விப்பட்டோம்.

பங்காளி யார் என்பதுதான் கடினமான இடம். ஒரே வகையறாவில் வந்த ஆண்கள் பங்காளிகள். அவர்களுடைய பிள்ளைகள் அண்ணன் தங்கை. அதற்குள் கட்டிக்கொள்ள முடியாது. எந்த வீடு பங்காளி என்பதைத் திட்டவட்டமாக அறிய ஒரே வழி, சாவில் யார் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள், யார் தீட்டுக் காக்கிறார்கள் என்று கேட்பது. கல்யாண மேட்டர் கொடுக்க வந்தவர்களிடம் அந்த வார்த்தையை எப்படி எடுப்பது? முதலாளியம்மா அதற்கு ஒரு பக்கவழி வைத்திருந்தார்.

“நீங்க பொங்கல் வெக்காத வருசம், கூடவே எந்த வீட்டுல பொங்கல் வெக்கல?”

அவ்வளவுதான். வகையறாவில் ஒரு சாவு விழுந்தால் அந்த வருசம் பங்காளி வீடு எதிலும் பானை ஏறாது. மாமன் மச்சான் வீட்டில் ஏறும். கேட்டவுடன் பெண்கள் கண்ணை மூடி யோசிப்பார்கள். பிறகு கடகடவென்று வரும், வீடு வீடாக, தெரு தெருவாக. துண்டுகள் இடப்பக்கம் போய் வரிசையாக உட்காரும். வேறு எதில் பொய் சொன்னாலும் இதில் சொல்ல முடியாது. பானை ஏறாத வாசல் தெருவுக்கே தெரியும்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஓர் இளைஞன் வந்தான். பெயர் குமரவேல், ஊர் கிளியனூர். ஆரோவில்லில் சோலார் தகடு பொருத்தும் வேலை.

“அண்ணே, விசிட்டிங் கார்டு அடிக்கணும். சர்நேமோட.”

“சர்நேமா?”

“எங்க மேடம் கேக்குறாங்கண்ணே. வெளிநாட்டுக்காரங்க வந்தா கார்டு நீட்டணுமாம். கே. குமரவேல்னு எழுதிக் குடுத்தேன். கே-ன்னா என்னன்னாங்க. கன்னியப்பன், எங்கப்பான்னேன். அது உங்கப்பா பேரு, உங்க குடும்பத்துக்குப் பேரு என்னன்றாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“மழையா இருக்குது, கெளம்புறேன்னுட்டு வந்துட்டேன்.”

வீட்டில் போய் அப்பாவைக் கேட்டிருக்கிறான். கன்னியப்பன், “நம்மள தோணிக்கார வகையறான்னு எங்க தாத்தா சொல்லுவாருடா” என்றாராம். கிளியனூரில் அவர்களை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அங்கே அது ‘மரக்காணத்தான் வீடு’.

முதலாளியம்மா நிமிர்ந்து பார்த்தார். “ஏம்பா, கிளியனூர்ல தோணிய எதுல உடுறீங்க? ஏரியிலயா?”

“அதாங்கம்மா எனக்கும் புரியல.”

“தண்ணி இல்லாமயே ஓடுது போல. அடிச்சுக் குடுப்பா.”

‘தோணிக்காரர்’ நீளமாக இருக்கிறது என்று அவனே வாலை வெட்டினான். குமரவேல் தோணிக்கார். ஆங்கிலத்தில் பார்க்க மராட்டியக் கிரிக்கெட் வீரன் போல இருந்தது. பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊரில்தான் வந்து முடிகிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பேற்றிய தோணிகள் அதில் பட்டணம் வரை போயின. இப்போது அதில் ஆகாயத்தாமரை மட்டும் போகிறது. தோணி போய், தண்ணீர் போய், ஒரு பெயர் மட்டும் கரையேறி, வயல் வழியே நடந்து கிளியனூர் வரை போயிருக்கிறது. அன்றைக்கு நான் நினைத்தது அவ்வளவுதான். மை காய மழைக்காலத்தில் நேரம் ஆகும். அட்டைகளை விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிறகு அந்த மார்கழி வந்தது. சுனாமியைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை, நான் மேட்டில் இருந்தவன். அச்சகத்தில் சிவப்பு மை டப்பா திறக்கப்படவில்லை. கறுப்பு தீர்ந்தது. திண்டிவனம் போய் வாங்கி வந்தோம், அதுவும் தீர்ந்தது. குப்பத்துக்காரர்கள் கொண்டுவந்த படங்கள் பெரும்பாலும் குழுப்படங்கள். கல்யாணத்தில் எடுத்தவை. ஒருவரை வெட்டி எடுத்தால் பக்கத்தில் நின்றவரின் கை அவர் தோளில் தங்கிவிடும். அந்தக் கைகளை அழிக்கும் வேலை எனக்கு. உப்பளங்களில் சேறு ஏறியிருந்தது. தை பிறந்தது. கரை நெடுக யாரும் பொங்கல் வைக்கவில்லை. செத்தவர்களுக்கு ஒட்டோ உறவோ இல்லாத உள்ளூர் வீடுகளிலும் அடுப்புப் புகையவில்லை. அதைப் பற்றி யாரும் கூடிப் பேசவில்லை. வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறு ஆனியில் குமரவேல் மறுபடி வந்தான், இம்முறை கூட்டத்தோடு. கல்யாணம். பெண் எங்கள் ஊர்தான், சுமதி. ஆரோவில்லில் ஊதுவத்தி செய்யும் இடத்தில் வேலை. ஒரே பஸ், ஒரே சாப்பாட்டு நேரம், மற்றது நடந்துவிட்டது. இரு வீட்டாரும் ஒரே சாதி என்பதால் பெரிதாக எதிர்ப்பில்லை. பூ வைத்து முடித்து, ஆவணியில் நாள் குறித்து, மேட்டர் கொடுக்க வந்திருந்தார்கள். பையன் பக்கம் கன்னியப்பனும் குமரவேலும். பெண் பக்கம் அவள் அப்பா சுப்பராயன், அவருடைய சித்தப்பா ஏகாம்பரம், ஏகாம்பரத்தின் மனைவி ரத்தினம்மாள்.

ஏகாம்பரம் உப்பளத்தில் மேஸ்திரி. அந்த வகையறாவில் மூத்தவர். வெள்ளை வெயிலையே பார்த்துப் பார்த்து இடுங்கிப்போன கண்கள். நிழலுக்குள் வந்தாலும் அவை விரியாது. எதையும் சந்தேகப்படுகிறவர் போன்ற தோற்றத்தை அது அவருக்குக் கொடுத்திருந்தது. உண்மையில் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். “எம் பேரப் பெருசாப் போடுப்பா, எனக்குக் கண்ணு தெரியாது” என்றுதான் உள்ளே நுழைந்தார்.

முதலாளியம்மா துண்டுகளைக் கொட்டினார். பாதி வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு கன்னியப்பன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: “எம் பேருக்குக் கீழ தோணிக்கார வகையறான்னு போடுங்கம்மா. பையன் ஆசப்படுறான்.”

“அது எங்களுதுங்க” என்றார் ஏகாம்பரம். “நாங்கதான் தோணிக்கார வகையறா. உங்க பக்கம் எதுக்குப் போடுறீங்க?”

“நாங்களும் தோணிக்காரங்கதாங்க.”

முதலாளியம்மாவின் கையில் ஒரு துண்டு இருந்தது. கன்னியப்பனுடையது. அது மேஜைக்கு மேல் இடப்பக்கமும் போகாமல் வலப்பக்கமும் போகாமல் நின்றது. வெளியே ஒரு லாரி திரும்பியது.

“கிளியனூர்ல தோணியா?” ஏகாம்பரத்தின் குரலில் சிரிப்புப் போய்விட்டது. “அங்க எதுய்யா தண்ணி? உங்கள ஊர்ல என்னன்னு கூப்புடுறாங்க?”

“மரக்காணத்தான் வீடும்பாங்க.”

“பாத்தீங்களா? இங்கேர்ந்து போனவங்க. எங்க ஆளுங்க. அண்ணன் தங்கச்சிக்கு எவன்யா பத்திரிகை அடிப்பான்?”

குமரவேல், “தாத்தா, பேருதாங்க ஒண்ணு…” என்று ஆரம்பித்தான். “டேய், பேருன்னா சும்மாவாடா?” என்று அடக்கிவிட்டார்.

“குலசாமி எது?” என்று கேட்டார் முதலாளியம்மா.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: “கீழ்புத்துப்பட்டு அய்யனாரு.”

ஏகாம்பரம் மேஜையைத் தட்டினார். “ஆச்சா?”

“எனக்கும் அவர்தான்” என்றார் முதலாளியம்மா. “இதோ, இவருக்கும் அவர்தான்” என்று என்னைக் காட்டினார். “இந்தக் கரையில பாதிப் பேரு அய்யனாரு புள்ளைங்க. அப்புடிப் பாத்தா யாரும் யாரையும் கட்ட முடியாது.” பிறகு, அதுவரை நான் பார்த்திராதபடி, கையிலிருந்த துண்டைக் கீழே வைத்துவிட்டு, இரு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்: “நீங்க பொங்கல் வெக்காத வருசம்…”

கேள்வி பாதியிலேயே நின்றது. கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. அந்த வருசம் பொங்கல் வைத்தது யார்?

கன்னியப்பன், “நாங்களும் வெக்கலைங்க. இங்க இவ்ளோ நடந்திருக்குது, எப்புடி வெக்கிறது?” என்றார்.

“நாங்களும் வெக்கல. அவங்களும் வெக்கல” என்றார் ஏகாம்பரம், விரல் விட்டு எண்ணுகிறவர் போல.

அதுவரை பேசாமல் இருந்த ரத்தினம்மாள் சிரித்துவிட்டார். “ஊரே வெக்கலையே. அப்ப ஊரே பங்காளியா?”

“நீ சும்மா இரு. உனக்கு எங்க வகையறா தெரியுமா?”

“எனக்கு எப்புடித் தெரியும்? நான் கட்டிக்கிட்டு வந்தவ. எங்க வீட்டுக்காரங்க உங்கள என்ன வகையறான்னு பாத்தா குடுத்தாங்க? மாப்பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் இருக்குதான்னு பாத்தாங்க. அதுவும் அப்ப இருந்துச்சு.”

சுப்பராயன்கூடச் சிரித்தார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. எழுந்துகொண்டார். “விசாரிக்கணும். விசாரிக்காம ஒரு எழுத்து அச்சாவக் கூடாது.”

விசாரித்தார்கள். முந்தைய வருசங்களைத் தோண்டினார்கள். கன்னியப்பனின் தாத்தா செத்தபோது மரக்காணத்தில் யாராவது மொட்டை போட்டார்களா? நினைவிருக்கும் ஆள் இல்லை. மரக்காணத்திலிருந்து போனவர்தானா? போனார் என்று ஒருவர், பெண் கட்டி அங்கேயே தங்கினார் என்று ஒருவர், அவர் மரக்காணமே இல்லை, கூனிமேடு என்று இன்னொருவர். மேஜையின் ஓரத்தில் அந்தத் துண்டுகள் கிடந்தன. முதலாளியம்மா அவற்றை அள்ளவில்லை, மேல் துணி போட்டு மூடவும் இல்லை. உப்புத் தூள் எல்லாவற்றின் மேலும் விழுவது போல அவற்றின் மேலும் விழுந்தது.

ஒரு மதியம் சுமதி மட்டும் வந்தாள், வேலையிலிருந்து நேராக. ஊதுவத்தி வாசனையும் வெயிலும் சேர்ந்து வந்தன.

“அக்கா, பேருதான பிரச்சனை? ரெண்டு பக்கத்துலேர்ந்தும் அந்தப் பேர எடுத்துட்டு அடிச்சுக் குடுங்க.”

“பேர எடுத்துடலாம். உன் சின்னத் தாத்தாவ எடுக்க முடியுமா?”

“ஏன்க்கா, ஊர்ல எத்தன மேஸ்திரி வீடு இருக்குது? எல்லாரும் பங்காளியா? எத்தன கணக்குப்புள்ள வீடு? எவனோ தோணி ஓட்டினான், இன்னொருத்தனும் தோணி ஓட்டினான். ஆரோவில்ல எத்தன பேரு சைக்கிள் ஓட்டுறாங்க தெரியுமா?”

முதலாளியம்மா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, “நீ சொல்றது சரியாவே இருக்கலாம்” என்றார். “ஆனா இது சரியா தப்பான்னு முடிவாவுற விசயம் இல்லடி. உங்க சின்னத் தாத்தா சபையில ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அதே சபையில அவரே வேற வார்த்தை சொல்லணும். அவரா வந்து சொல்ல மாட்டாரு. எனக்கு வழி தெரியல.”

அவருக்கு வழி தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். “சொல்லலன்னா?” என்றாள் சுமதி. “நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்க்கா” என்றாள், விலை சொல்வது போன்ற சாதாரணக் குரலில். போய்விட்டாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பையனுக்கு வேறு இடம் பார்க்கலாமா என்று கன்னியப்பனின் சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்திருந்ததாகக் கேள்வி.

ஆடியில் ரத்தினம்மாள் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தவர் எழவில்லை.

மறுநாள் காலையில் சுப்பராயன் கடைக்கு வந்தார். கண்ணீர் அஞ்சலி. படம் ஒன்று கிடைத்தது, அதில் அவர் தனியாகவே இருந்தார். எனக்கு வேலை மிச்சம். கீழே பெயர்கள். மகள், மருமகன், பங்காளிகள், பிறந்த வீட்டார். கடைசியில் சுப்பராயன் தயங்கினார். “கிளியனூர்க்காரரு பேரு…”

“என்னன்னு போடுவ?” என்றார் முதலாளியம்மா. “பங்காளின்னு போட்டா உம் பொண்ணு கல்யாணம் போச்சு. சம்பந்தின்னு போட்டா உங்க சித்தப்பா கிழிச்சுப் போடுவாரு. போடாத. அவங்க எப்புடி வர்றாங்கன்னு பாப்போம்.”

எப்படி வருகிறார்கள் என்று அவர் சொன்னது பஸ்ஸிலா வண்டியிலா என்பதை அல்ல. எங்கள் பக்கத்தில் சாவுக்கு வருகிறவரின் கையைப் பார்த்தே உறவைச் சொல்லிவிடலாம். பங்காளி வெறுங்கையோடு வருவார், செத்தது அவர் வீட்டு ஆள். சம்பந்தி கோடித்துணியோடு வருவார். தெருமுனையில் நிற்பார், இங்கிருந்து மேளம் போய் அழைத்து வரும், வீட்டார் அந்தத் துணியை வாங்கிப் பிணத்தின் மேல் போர்த்துவார்கள். வாங்கிவிட்டால் அந்த உறவு முடிவானது. அதற்கப்புறம் எவரும் மாற்ற முடியாது.

சுவரொட்டிகளோடு நானும் போனேன். பந்தல் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் நாற்காலி போட்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார், பந்தலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துக்கொண்டு. சுமதி பெண்களோடு இருந்தாள். பிறந்த வீட்டுக் கோடி வந்து போயிருந்தது. நான் சுவரில் பசை தடவிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. கன்னியப்பன், அவர் மனைவி, இரண்டு மூன்று சொந்தக்காரர்கள், கொஞ்சம் தள்ளிக் குமரவேல். மனைவியின் கையில் தட்டு. தட்டில் மாலையும் ஒரு சிவப்புப் புடவையும்.

வெறுங்கையோடு தெரிந்தவர் என்ற முறையில் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். புடவையோடு வந்துவிட்டார். திருப்பி அனுப்பினால் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது. கல்யாணப் பேச்சும் அந்தத் தெருமுனையிலேயே முடிந்துபோகும்.

மேளக்காரர்களில் ஒருவர் அவர்களைப் பார்த்துவிட்டுப் பாதித் தெரு வரை போனார். அவர் வெளியூர். “எந்த முறைங்க? பங்காளியா, சம்பந்தியா? மோளம் வரணுமா?” என்று உரக்கக் கேட்டார். கன்னியப்பன் வீட்டைப் பார்த்தார். தெருவும் வீட்டைப் பார்த்தது. அழுகைகூடக் குறைந்துவிட்டது.

சுப்பராயன் சித்தப்பாவின் காதருகே குனிந்தார். “கிளியனூர்க்காரங்க வந்திருக்காங்க. கோடி எடுத்தாந்திருக்காங்க. மோளக்காரன் எந்த முறைன்னு கேக்குறான்.”

ஏகாம்பரம் திரும்பவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நெற்றிக் காசு சரிந்திருந்தது. அதை எடுத்து நேராக வைத்தார்.

“எவ்ளோ நேரமா நிக்கிறாங்க?”

“இப்பதான்…”

“கோடியோட வந்தவங்கள வெயில்ல நிறுத்தி முறை கேக்குறதா?” என்றார். குரல் பந்தலைத் தாண்டிக் கேட்டது. “எவன்டா அவன்? மோளத்த அனுப்பு.”

மேளம் போயிற்று. பெண்கள் கூட்டத்தில் சுமதியின் அழுகை நின்று, வேறொரு சுருதியில் மறுபடி தொடங்கியது. தட்டு வந்தது. ஏகாம்பரம் எழுந்து நின்று புடவையைத் தானே வாங்கினார். மடிப்பைப் பிரித்தார். மற்ற துணிகளின் மேல் விரித்துவிட்டு, மனைவியிடம் மட்டும் பேசுகிறவர் போல, “சம்பந்தி வந்திருக்காங்கடி, பாரு” என்றார்.

நான் பசை காய்வதற்குள் தாளை ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டினேன். அதில் கன்னியப்பன் பெயர் இல்லை. இனி அது தேவையும் இல்லை.

வருசம் திரும்பட்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் கல்யாணம். மேட்டர் கொடுக்க ஏகாம்பரமே வந்தார். முதலாளியம்மா கன்னியப்பனின் துண்டை வலப்பக்கம் வைத்துவிட்டு, “வகையறா பேரு ரெண்டு பக்கமும் போடவா, எடுத்துடவா?” என்றார்.

“போடுங்க. பேர ஏன் எடுக்கணும்? அவங்க பேரு அவங்களுது.”

உருளையைக் கழுவி, வெறும் தாள் ஓட்டி, சிவப்பில் அடித்தேன். இடப்பக்கமும் தோணிக்கார வகையறா, வலப்பக்கமும் தோணிக்கார வகையறா. வேறு எந்தப் பத்திரிகையிலும் நான் அப்படிக் கோர்த்ததில்லை. புரூஃப் பார்த்தபோது முதலாளியம்மா அந்த இரண்டு வரியின் மேல் விரலை வைத்தார், பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, செஞ்சிப் பக்கத்து ஆள், பையனோடு வேலை செய்கிறவரின் அப்பா. பத்திரிகையை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இலை இலையாகக் கவனித்துக்கொண்டு வந்த ஏகாம்பரத்தை நிறுத்தினார்.

“பெரியவரே, ரெண்டு பக்கமும் தோணிக்கார வகையறான்னு போட்டிருக்குதே. ஒரே வகையறாவுலயா கட்டுறீங்க?”

“சேச்சே” என்றார் ஏகாம்பரம். “அது ரெண்டு தோணிங்க. எங்களுது உப்புத் தோணி, அவங்களுது சவுக்குத் தோணி. அவங்க வெறகு ஏத்திப் போனவங்க. அந்தக் காலத்துலேர்ந்தே வேற வேற.”

“ஓகோ.”

“எங்க தாத்தா கதை கதையாச் சொல்லுவாரு. ரெண்டு தோணியும் பக்கத்துப் பக்கத்துல போவுமாம். இந்தத் தோணியில சோறாக்குனா அந்தத் தோணிக்குக் கொழம்பு போவுமாம். அப்பவே கொண்டான் குடுத்தான் ஆவணும்னு பேச்சு.”

செஞ்சிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, அதை அப்படியே தன் பக்கத்து இலைக்குச் சொல்லத் திரும்பினார். ஏகாம்பரம் நிமிர்ந்தார். அப்போதுதான் என்னைக் கவனித்தார். இடுங்கிய கண்கள் என் மேல் ஒரு கணம் நின்றன. பிறகு குனிந்து என் இலையைப் பார்த்தார்.

“டேய், யார்ரா அங்க?” என்று உள்பக்கம் திரும்பிக் கத்தினார். “பத்திரிகை அடிச்சவருக்கு வடையே வெக்கல. ரெண்டா எடுத்தா.”